தண்ணீருக்குள் 29 நிமிடம் மூச்சடக்கிய மனிதர்: எப்படிச் சாத்தியம்? நம்மால் எவ்வளவு நேரம் முடியும்?

ஒரு டி20 போட்டியில் பவர்பிளே முடிய எவ்வளவு நேரம் ஆகும்? ஏறக்குறைய அரை மணி நேரம். முதல் பந்து வீசும்போது ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிறார். ஆறு ஓவர் முடிகிற நேரத்தில்தான் வெளியே வந்து அடுத்த மூச்சை இழுக்கிறார். நம்ப முடிகிறதா?

குரோஷியாவைச் சேர்ந்த விதோமிர் மரிசிச் இதைத்தான் செய்தார். 2025 ஜூன் 14 அன்று, அந்நாட்டின் ஒபாத்தியா நகரில் 3 மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளத்தில் அவர் மூச்சடக்கி இருந்த நேரம் 29 நிமிடம் 3 வினாடி. கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த சாதனை இது. இதற்கு முன் இந்தச் சாதனை அதே நாட்டைச் சேர்ந்த புதிமிர் ஷோபத்திடம் இருந்தது. 2021-ல் அவர் எடுத்த நேரம் 24 நிமிடம் 37 வினாடி. அப்போது அவருக்கு வயது 56.

சரி, இப்போது உங்கள் மொபைலில் ஸ்டாப்வாட்ச்சை ஆன் செய்து, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சை அடக்கிப் பாருங்கள். பயிற்சி இல்லாத பெரும்பாலானோர் 30 வினாடியில் இருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் 'போதும்டா சாமி' என்று விட்டுவிடுவார்கள். (தண்ணீருக்குள் மட்டும் தனியாக முயற்சி செய்ய வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதியே அதுதான்.)

ஒரு நிமிடத்துக்கும் 29 நிமிடத்துக்கும் நடுவே அப்படி என்னதான் இருக்கிறது?

மூச்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல

மூச்சை அடக்கும்போது ஒரு கட்டத்தில் நெஞ்சு அடைக்கும். வயிறு துடிக்கும். தொண்டை தானாக எதையோ விழுங்கப் பார்க்கும். 'ஆக்சிஜன் காலியாகிவிட்டது, அதனால்தான் இப்படி' என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்.

அப்படியானால் மூச்சு முட்ட வைப்பது யார்? கார்பன் டை ஆக்சைடு. உடலின் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனைப் பயன்படுத்திவிட்டு இதை வெளியே தள்ளுகிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது இது வெளியேறிவிடும். மூச்சை அடக்கினால் ரத்தத்திலேயே தேங்கும். ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம் அதைக் கண்டுபிடித்து 'மூச்சு விடு' என்று உத்தரவு போடும். நாம் கேட்காவிட்டால் உதரவிதானத்தைத் தானாகவே சுருக்கி விரிக்கும். வயிறு துடிப்பது இதனால்தான்.

மூச்சின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கார்பன் டை ஆக்சைடுதான் என்பதை 1905-லேயே ஜான் ஸ்காட் ஹால்டேன், ஜான் ஜில்லிஸ் பிரீஸ்ட்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் குறைவதைக் கவனிக்கவும் கழுத்து நாளங்களில் தனி உணரிகள் இருக்கின்றன. ஆனால், ஆக்சிஜன் கணிசமாகக் குறைந்த பிறகுதான் அவை உரக்கக் குரல் கொடுக்கும்.

எளிமையாகச் சொன்னால், நம் உடலில் இருக்கும் அலாரம் 'பெட்ரோல் தீர்ந்துவிட்டது' என்று சொல்லும் அலாரம் இல்லை. 'புகை நிறைந்துவிட்டது' என்று சொல்லும் அலாரம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதனை, விபத்து இரண்டுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது? ஒரு சின்ன கணக்கு

ஆழமாக மூச்சை இழுத்தால் ஒருவரின் நுரையீரலில் ஏறக்குறைய 6 லிட்டர் காற்று நிற்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவிகிதம்தான். நுரையீரலுக்குள் போய்க் கலந்த பிறகு அது இன்னும் குறையும். ஆக, நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் ஒரு லிட்டர். ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இன்னொரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தசைகளில் இருப்பது சொற்பம். எல்லாம் சேர்த்து 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சும்மா படுத்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் ஆக்சிஜன் தேவை. 2,000-ஐ 250-ஆல் வகுத்தால் 8 வருகிறது. அதாவது, ஏட்டளவில் 8 நிமிடம்.

ஆனால், டேங்க்கின் கடைசிச் சொட்டு வரை வண்டியை ஓட்ட முடியாது. அதற்கு முன்பே மூளை 'ஆஃப்' ஆகிவிடும். உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவிகிதம்தான். ஆனால், ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சப்ளை ஓர் அளவுக்குக் கீழே போனால் முதலில் மயங்குவது அதுதான்.

அப்படியும் வெறும் காற்றை மட்டும் சுவாசித்துவிட்டு 11 நிமிடத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். 2009-ல் பிரான்ஸின் ஸ்டெஃபான் மிஃப்சூட் 11 நிமிடம் 35 வினாடி மூச்சடக்கினார். ஃப்ரீடைவிங் போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்பான அய்டாவின் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் அசைக்க முடியாமல் நிற்கும் சாதனை இது. 2013-ல் ரஷ்யாவின் நட்டாலியா மொல்ச்சனோவா 9 நிமிடம் 2 வினாடி எடுத்து, 9 நிமிடத்தைத் தாண்டிய முதல் பெண் ஆனார்.

சரி, 11 எங்கே, 29 எங்கே? இந்த இடைவெளிக்குக் காரணம் ஒரு சிலிண்டர். மரிசிச், ஷோபத் இருவரும் தண்ணீருக்குள் போவதற்கு முன் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தார்கள். மரிசிச் சுவாசித்தது 10 நிமிடம். கின்னஸ் விதிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. இப்படிச் செய்யும்போது நுரையீரலில் இருக்கும் நைட்ரஜன் வெளியேறி, அந்த 6 லிட்டர் இடமும் கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜனால் நிரம்பும். ஒரு லிட்டர் இருந்த இடத்தில் இப்போது ஐந்து, ஆறு மடங்கு. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போட்டால் விடை 20 நிமிடத்தைத் தாண்டிப் போகும்.

அதற்காக இது ஈஸி என்று அர்த்தமில்லை. ஆக்சிஜன் பிரச்சினைதான் தீர்ந்தது, கார்பன் டை ஆக்சைடு பிரச்சினை தீரவில்லை. அரை மணி நேரம் முழுக்க அது ஏறிக்கொண்டே இருக்கும். உதரவிதானம் துடித்துக்கொண்டே இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு, ஒரு தசையையும் இறுக்காமல் கிடப்பதுதான் அந்தச் சாதனை.

யாருக்கு எவ்வளவு நேரம்?

- பயிற்சி இல்லாதவர்: 30 முதல் 90 வினாடி
- நடிகர் டாம் க்ரூஸ் ('மிஷன் இம்பாசிபிள்: ரோக் நேஷன்' படப் பயிற்சி): சுமார் 6 நிமிடம்
- நடிகை கேட் வின்ஸ்லெட் ('அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' படப் பயிற்சி): 7 நிமிடத்துக்கும் மேல்
- நட்டாலியா மொல்ச்சனோவா: 9 நிமிடம் 2 வினாடி
- ஸ்டெஃபான் மிஃப்சூட்: 11 நிமிடம் 35 வினாடி
- விதோமிர் மரிசிச் (தூய ஆக்சிஜன் சுவாசித்த பின்): 29 நிமிடம் 3 வினாடி
- வெட்டல் சீல்: ஒரு மணி நேரத்துக்கும் மேல்
- யானை சீல்: 2 மணி நேரம் வரை
- குவியர் அலகுத் திமிங்கிலம்: 3 மணி 42 நிமிடம் (2017-ல் பதிவானது)

கடைசி மூன்றைப் பார்த்தால் நம் சாதனை எல்லாம் ஜுஜுபி. சீல்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் தசைகளில் மையோகுளோபின் என்ற புரதம் ஏராளம். ஆக்சிஜனைத் தசையிலேயே சேமித்து வைக்கும் பொருள் அது. நமக்கு நுரையீரல்தான் பெரிய டேங்க் என்றால், அவற்றுக்கு உடம்பே டேங்க்.

முகம் நனைந்தால் இதயம் நிதானமாகும்

தரையில் மூச்சடக்குவதைவிட, குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைத்து மூச்சடக்கும்போது உடல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முகத்தில், குறிப்பாக நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும், தண்ணீர் பட்டதும் அங்குள்ள நரம்பு மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. உடனே மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலில், இதயத் துடிப்பு குறைகிறது. துடிப்பு குறைந்தால் இதயத்தின் ஆக்சிஜன் செலவும் குறையும். இரண்டாவதாக, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பிவிடப்படுகிறது. மூன்றாவதாக, மண்ணீரல் சுருங்குகிறது. மண்ணீரலை ரத்தச் சிவப்பணுக்களின் குடோன் என்று சொல்லலாம். அது சுருங்கும்போது, ஸ்டாக்கில் இருக்கும் சிவப்பணுக்கள் ரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனின் அளவு கொஞ்சம் கூடுகிறது.

சீல், திமிங்கிலம், மனிதன் என எல்லாப் பாலூட்டிகளிடமும் இருக்கும் இந்த எதிர்வினைக்கு 'டைவ் ரிஃப்ளெக்ஸ்' என்று பெயர். சீல்களிடமும் மனிதர்களிடமும் இதை விரிவாக ஆராய்ந்த உடலியல் விஞ்ஞானி பெர் ஸ்காலண்டர், 1963-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு வைத்த பெயர் 'உயிரின் மாஸ்டர் ஸ்விட்ச்'.

ஃப்ரீடைவர்கள் செய்யும் பயிற்சியின் பெரும்பகுதி, இந்த ஸ்விட்ச் வேலை செய்யும்போது அதைக் கெடுக்காமல் இருப்பதுதான். பதற்றப்பட்டால் துடிப்பு ஏறும். ஒரு கையை அசைத்தாலும் ஆக்சிஜன் செலவாகும். அதனால்தான் போட்டிகளில் அவர்கள் தண்ணீரில் ஒரு துணி மிதப்பதுபோல் மிதக்கிறார்கள்.

'4 நிமிடத்தில் மூளை செத்துவிடும்' என்பார்களே?

நியாயமான கேள்வி. 'மூளைக்கு 4 நிமிடம் ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் பாதிப்பு தொடங்கும்' என்று முதலுதவி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரிதான். ஆனால், அது ரத்த ஓட்டமோ ஆக்சிஜனோ நின்றுபோன நிமிடத்தில் இருந்து தொடங்கும் கணக்கு. உதாரணமாக, மாரடைப்பால் இதயம் நின்றுபோன நிலை.

மூச்சை அடக்கியவருக்கு இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. அது மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மிஃப்சூட்டின் மூளை 11 நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் இருக்கவில்லை. புதிதாக நிரப்பாமல், கையிருப்பை வைத்து 11 நிமிடம் சமாளித்தது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போட்டியில் இதைச் சோதிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். வீரர் தண்ணீரில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் அவ்வப்போது தொட்டு சிக்னல் கேட்பார். வெளியே வந்ததும் 15 வினாடிக்குள் மாஸ்க்கையோ கண்ணாடியையோ கழற்றி, கையால் 'ஓகே' சைகை காட்டி, 'நான் நலம்' என்று வாயால் சொல்ல வேண்டும். இதில் தடுமாறினால் எத்தனை நிமிடம் இருந்திருந்தாலும் கணக்கில் வராது.

பரம்பரையா, பழக்கமா?

இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் படகிலும் கடலோரக் கால்வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் பஜாவ் மக்கள். மரக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூழ்கி மீன் பிடிப்பவர்கள். வேலை நேரத்தில் பாதிக்கும் மேல் தண்ணீருக்கு அடியில்தான் இருப்பார்கள்.

மெலிசா இலார்டோ என்ற ஆய்வாளர், இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் பஜாவ் மக்களின் மண்ணீரலை ஸ்கேன் செய்து பார்த்தார். பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்து வாழும் சலுவான் மக்களின் மண்ணீரலோடு ஒப்பிட்டால், பஜாவ் மக்களுடையது சுமார் 50 சதவிகிதம் பெரிதாக இருந்தது. 2018-ல் 'செல்' ஆய்விதழில் வெளியான இந்த ஆய்வின் சுவாரஸ்யமான பகுதி வேறு. கடலில் மூழ்கும் வேலையே செய்யாத பஜாவ் மக்களுக்கும் மண்ணீரல் பெரிதாகத்தான் இருந்தது. அதாவது, பழக்கத்தால் வளர்ந்தது அல்ல, மரபணுவிலேயே இருக்கிறது. மண்ணீரலின் அளவோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தையும் அந்தக் குழு அடையாளம் கண்டது.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே கடலில் மூழ்கி சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள் பெண்கள். 'ஹேன்யோ' என்று பெயர். இவர்களின் பண்பாட்டை 2016-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டிய பாட்டிகள். இலார்டோவின் குழு 2025-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தண்ணீரில் இவர்களின் இதயத் துடிப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைகிறது. ஆனால், அதே தீவில் மூழ்கும் வேலை செய்யாத பெண்களிடம் இது இல்லை. எனவே இது வாழ்நாள் பயிற்சியின் பலன். அதேநேரம், நீரில் மூழ்கும்போது ரத்த அழுத்தம் எகிறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு மரபணு மாற்றமும் ஜேஜு மக்களிடம் அதிகமாகத் தென்பட்டது.

ஆக, 'பரம்பரையா, பழக்கமா' என்ற கேள்விக்கு பதில்: இரண்டும்.

முத்துநகரின் மூச்சு

இந்த வரிசையில் நம்ம ஊருக்கும் இடம் உண்டு. சென்னையில் இருந்து தூத்துக்குடிக்குப் போகும் ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வந்ததே அடக்கிய மூச்சுகளால்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். குளிப்பவர் ஒரு கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு, கயிற்றோடு கீழே இறங்குவார். கல்லை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போடுவார். கயிற்றை அசைத்தால் மேலே படகில் இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அந்த ஆள் கண் அசந்தால் கீழே இருப்பவரின் கதை முடிந்தது. ஒரு முறை மூழ்கினால் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். கெட்டிக்காரர் என்றால் இன்னும் கொஞ்சம்.

பயணிகள் எழுதிவைத்த கணக்கு வேறு. 14-ம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய இபின் பதூதா, சிலர் ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட தண்ணீருக்குள் இருப்பார்கள் என்று குறிப்பிடுகிறார். மேலே போட்ட 2 லிட்டர் கணக்கை நினைத்துப் பார்த்தால் அது நடக்காத காரியம் என்று புரியும்.

நேரம்தான் மிகை. ஆபத்து மிகை அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல் வழிகாட்டி நூலான 'பெரிப்ளஸ்', பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்கிறது. விரும்பி யாரும் இறங்காத வேலை என்று இதில் இருந்து ஊகிக்கலாம். 13-ம் நூற்றாண்டில் வந்த மார்கோ போலோ, சுறாவைக் கட்டிப்போட மந்திரம் ஓதுபவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதுகிறார். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்கிவிடக் கூடாது என்று! 'கடல்கட்டி' என்று அழைக்கப்பட்ட இந்த மந்திரவாதிகளுக்கு ஆங்கிலேயர் காலத்தில் அரசே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததால் அல்ல. அவர் இல்லாமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால்.

சிப்பிகள் குறைந்துபோனதால் 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால், மூச்சை நம்பிய பிழைப்பு நின்றுபோகவில்லை. அதே கடலில் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூழ்கி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். ஜேஜு பாட்டிகளுக்குக் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரமோ உலக ஆய்விதழ்களின் வெளிச்சமோ இவர்களுக்குக் கிடைத்ததில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

'யார் ரொம்ப நேரம் உள்ளே இருக்கிறது, பார்க்கலாமா?' கிணற்றிலும் குளத்திலும் ரிசார்ட் நீச்சல் குளத்திலும் கேட்கும் வசனம் இது. இதில் ஜெயிப்பதற்குப் பலருக்கும் தெரிந்த ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக, ஆழமாகப் பத்து, இருபது மூச்சு இழுத்து விடுவது. அப்படிச் செய்தால் உண்மையிலேயே கூடுதல் நேரம் உள்ளே இருக்க முடியும். ஆனால், உயிரைப் பறிப்பதும் அதே குறுக்கு வழிதான்.

வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் நிறைய சேரும் என்பது தவறான நம்பிக்கை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கினோமே, அதில் ஆரோக்கியமான ஒருவருக்கு 97, 98 என்று காட்டும். அதாவது, சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் கிட்டத்தட்ட ஃபுல் டேங்க். அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. வேகமாக மூச்சு விடும்போது நடப்பது ஒன்றுதான்: கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது.

இப்போது அந்த அலாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புகை நிறைந்தால்தான் அது அடிக்கும். புகையை முன்கூட்டியே காலி செய்துவிட்டால்? பெட்ரோல் தீர்ந்த பிறகும் அலாரம் அடிக்காது. மூச்சு முட்டவே முட்டாது. 'இன்னும் தம் இருக்கு' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கம் வரும். மயங்கியதும் உடல் தானாக மூச்சை இழுக்கும். உள்ளே போவது தண்ணீர்.

ஆழத்துக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. ஆழத்தில் நீரின் அழுத்தம் நுரையீரலை நெருக்குவதால், மிச்சம் இருக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் எளிதாகப் போகும். மேலே வர வர அழுத்தம் குறையும். ஆக்சிஜனின் அழுத்தமும் சடாரென்று விழும். அதனால் தரையைத் தொட்டபோது நன்றாக இருந்தவர், மேற்பரப்புக்கு ஒரு சில மீட்டர் இருக்கும்போது மயங்குவார்.

நன்றாக நீந்துபவர்களுக்கே இது அதிகம் நடக்கிறது. நீச்சல் தெரியாதவர் மூழ்கும்போது தத்தளிப்பார். இதில் சத்தமே இருக்காது. கரையில் இருப்பவர்கள், 'இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்' என்று கைதட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அனுபவமும் முழுப் பாதுகாப்பு அல்ல. 9 நிமிட சாதனை படைத்த நட்டாலியா மொல்ச்சனோவா 40-க்கும் மேற்பட்ட உலக சாதனைகளுக்குச் சொந்தக்காரர். 2015 ஆகஸ்டில் ஸ்பெயினின் ஃபோர்மென்டேரா தீவு அருகே, தன் திறமைக்குச் சாதாரணமான ஓர் ஆழத்துக்கு மூழ்கினார். திரும்பி வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அவரது மகன் அலெக்ஸி மொல்ச்சனோவ் இன்று உலகின் முன்னணி ஃப்ரீடைவர்களில் ஒருவர்.

செய்யக்கூடாதவை

- தனியாக ஒருபோதும் தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பயிற்சி செய்யாதீர்கள். குளியல் தொட்டியிலும்கூட.
- மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடாதீர்கள்.
- பந்தயம், ரீல்ஸ் சேலஞ்ச் இரண்டுக்கும் 'நோ'. குறிப்பாகக் குழந்தைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.
- மது அருந்திவிட்டு இறங்காதீர்கள்.
- இதய நோய், வலிப்பு நோய் இருப்பவர்கள் இந்த விஷப்பரீட்சையே வேண்டாம்.
- ஆர்வம் இருந்தால் முறையான ஃப்ரீடைவிங் பயிற்சியாளரிடம் சேருங்கள். அங்கே முதல் நாளில் சொல்லித் தரும் பாடமே, ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான்.

யாராவது மயங்கிவிட்டால்?

முதலில் உதவிக்குக் குரல் கொடுங்கள். 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பயிற்சி இல்லாமல் நீங்களும் குதித்துவிடாதீர்கள். கயிறு, நீளமான கம்பு, புடவை, டியூப் என்று கைக்குக் கிடைத்ததை வீசுங்கள்.

வெளியே எடுத்ததும் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதில் இருந்து தொடங்குங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை ஆக்சிஜன். பிறகு மார்பின் நடுவே 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் தொடருங்கள்.

நம் ஊரில் வழக்கமாகச் செய்யும் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டும் உதவாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போக வாய்ப்பு உண்டு. அதைவிட மோசம், மூச்சு கொடுக்க வேண்டிய பொன்னான நிமிடங்கள் வீணாகும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஒருமுறை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. இதில் எத்தனை பேர் மூச்சடக்கும் போட்டியில் போனவர்கள் என்று அதில் தனிக் கணக்கு இல்லை.

மூச்சடக்க முடிந்தால் நுரையீரல் சூப்பரா?

'10 வினாடி இருமாமல் மூச்சை அடக்க முடிந்தால் உங்களுக்கு கொரோனா இல்லை' என்று 2020-ல் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஃபார்வர்டு நினைவிருக்கிறதா? அது தவறு என்று உலக சுகாதார நிறுவனமே அப்போது விளக்கம் கொடுத்தது. மூச்சடக்கும் நேரம் ஆரோக்கியத்தின் மார்க் ஷீட் அல்ல. கார்பன் டை ஆக்சைடை ஒருவர் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறார், எவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அது பெரிதும் மாறும். நல்ல நுரையீரல் இருப்பவர் 40 வினாடியில் விட்டுவிடலாம். பயிற்சி எடுத்தவர் 3 நிமிடம் தாண்டலாம்.

அதனால், ஆரம்பத்தில் ஸ்டாப்வாட்ச் ஆன் செய்து 45 வினாடியில் கைவிட்டிருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. உங்கள் உடலின் அலாரம் சரியாக வேலை செய்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த அலாரத்தை மட்டும் யாரும் ஆஃப் செய்துவிடாதீர்கள்.